முருகலட்சுமி முதுகில் ஒரு பல்லக்கு

அந்தப் பையை மடியில வச்சுக்கிறியா தாயி? கீழ வைக்காத, உள்ள யானை இருக்கு. பயந்துராத, நெசம் யானை இல்ல, பாசிமணியில தச்ச யானை. தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கும். அமுங்கிருச்சுன்னா பன்னி ஆயிரும். ம், அப்படித்தான். நீ எங்க எறங்கணும், மதுரையா? நல்லதாப் போச்சு, நானும் மதுரைதான். யானைக்குக் கண்ணு வாங்கப் போறேன். காதுல என்னமோ மாட்டியிருக்கியே, அதக் கழட்டிரு. நான் மெதுவாப் பேசுற ஆளு, கேக்காது.

எம்பேரு மாரிக்கனி. சாத்தூர்ல சத்துணவுல இருந்து ரிட்டயர் ஆனவ. முப்பத்தோரு வருசம் நூத்தம்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் ஊத்தின கை இது. ரிட்டயர் ஆன மறுநாள் எந்திரிச்சு உக்காந்தேன், கை ரெண்டும் இப்ப என்ன செய்யன்னு என்னையக் கேக்குது. அன்னைக்குத்தான் டவுன்ல ஆரி ஒர்க் வகுப்பு, ஒரே மாசம்னு நோட்டீசு பாத்தேன். ஆரின்னா தெரியும்ல? நுனி வளைஞ்ச ஊசி. துணியச் சட்டத்துல இழுத்துக் கட்டிக்கிட்டு மேலருந்து குத்திக் குத்தி நூலை இழுக்கணும். பாசி, கல்லு, ஜரிகை எது வேணாலும் வச்சுத் தைக்கலாம். வகுப்புல இருந்ததெல்லாம் உன்னையப் போலச் சின்னப் பிள்ளைக. டீச்சரம்மா என் சட்டத்தப் பாத்துட்டு, 'அம்மா, உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது'ன்னு கேட்டா. தினமும் கேட்டா. அவ்வளவு மரியாதை.

அதுலருந்து சொந்தபந்தத்துல யாருக்கும் நான் கடையில வாங்கிக் குடுக்குறதே இல்ல. எல்லாம் கைவேலைதான்.

மொத மொத எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கைக்குட்டை. நாலு மூலையிலயும் ஜர்தோசி ஒயரு வச்சு ரோசாப்பூ. அன்னைக்குன்னு பாத்து அவுகளுக்குச் சளி. ரெண்டு தடவ மூக்கத் தொடச்சாக, மூக்குல ரத்தக்கோடு விழுந்துருச்சு. 'இத நான் சாமி படத்துக்கு அடியில விரிச்சிர்றேன்'னு சொல்லிட்டாக. சின்ன வயசுல இல்லாத பக்தி இப்ப வந்துருக்கு. அடுத்து மூக்குக்கண்ணாடிக்குப் பாசிச் சங்கிலி கோத்துக் குடுத்தேன், பச்சையும் செவப்புமா, எடையில எடையில சோழி வச்சு. அத மூணு தடவ தொலைச்சிட்டாக, பாவம் மறதி. ஆனா எங்க ஊர்க்காரங்க நேர்மையானவங்க. மூணு தடவையும் யாராவது கொண்டாந்து குடுத்துட்டாங்க. பாத்ததுமே இது யார் வீட்டுதுன்னு தெரிஞ்சிருமாம்.

மகன் பெங்களூர்ல இருக்கான். அவன் பொண்டாட்டிக்கு ஏழு சரத்துல பாசி மாலை அனுப்பினேன். 'போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பும்மா'ன்னேன். 'பத்திரமா பேங்க் லாக்கர்ல வச்சிட்டேன் அத்தே'ன்னா. தங்கத்தையே அவ கழுத்துலயும் காதுலயும் மாட்டிக்கிட்டுத் திரியிறா தாயி! நான் கோத்த பாசி லாக்கர்ல இருக்கு. கம்மல் அனுப்பினேன், அதுவும் லாக்கர். வளையல் அனுப்பினேன். இப்ப லாக்கர் நெறஞ்சிருச்சு, இனி அனுப்பாதீங்கங்கிறா. பெரிய லாக்கரா கேளுன்னு சொல்லியிருக்கேன்.

ஜன்னல கொஞ்சம் சாத்திக்க, வெயிலு உம்மேல அடிக்குது பாரு.

இதுல குத்தம் சொன்னவ ஒருத்திதான், எந்தம்பி பொண்டாட்டி முருகலட்சுமி. அவ வீட்டு நிலையில கட்ட ஒரு பாசித் தோரணம் செஞ்சு குடுத்தேன். வர்ற விருந்தாளி தலைமுடியெல்லாம் அதுல மாட்டுதுன்னு ரெண்டாம் நாளே கழட்டிக் கொண்டுபோய்ப் பின்னால தோட்டத்துல அவரைப் பந்தல்ல கட்டிட்டா. கட்டினது போக, 'மதினி, நீங்க குடுத்தது கட்டினதுலருந்து ஒரு குருவி கூட வரல'ன்னு எங்கிட்டயே சொல்லுறா. நான் பொறுத்துக்கிட்டேன். அவ மகளுக்காகப் பொறுத்துக்கிட்டேன்.

மக பேரு கௌசிகா. எந்தம்பிக்கு ஒரே பிள்ளை. அவ பொறந்தப்ப முருகலட்சுமிக்கு மஞ்சக்காமாலை. மூணு மாசம் அந்தப் பிள்ளைய ராவும் பகலும் நான்தான் கைக்குள்ள வச்சிருந்தேன். எனக்குப் பொம்பளப்பிள்ள கிடையாதுல்ல. தலை பின்னிவிட, பாவாடை தச்சுப் போட, பொட்டு வச்சுப் பாக்க எனக்கு இவளத் தவிர யாரும் இல்ல. அவளுக்குக் கல்யாணம் முடிவானதுமே எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்கையால தச்சதப் போட்டுக்கிட்டு அவ மணவறையில உக்காரணும், நான் எதிர்ல நின்னு பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல தாயி.

மாப்பிள்ளை வீட்ல முகூர்த்தப் பட்டு எடுத்தாங்க. நல்ல அரக்குக் கலரு. ஜாக்கெட் துணி சேலையோடயே வரும்ல, அத வெட்டி எடுத்தாங்க. வெட்டின கத்திரி கீழ வைக்கும் முன்ன நான் துணிய வாங்கி இடுப்புல சொருகிட்டேன். முருகலட்சுமி, 'இல்ல மதினி, மதுரையில ஒரு பார்லர்ல குடுக்கலாம்னு'ன்னு இழுத்தா. 'அத்தைன்னு ஒருத்தி உசுரோட இருக்கையில பார்லரா?'ன்னு கேட்டேன். சம்பந்திக்காரங்க வேற உக்காந்திருக்காங்க, யார் என்ன பேசுவா? கௌசிகா மொகத்தப் பாத்தேன். கண்ணு கலங்கியிருந்துச்சு. அவ்வளவு சந்தோசம் பிள்ளைக்கு.

'அத்தே, சிம்பிளா கழுத்தச் சுத்தி ஒரு கோடு போதும்'னா. 'சரிம்மா, கோடு'ன்னேன். கோடும் போட்டேன். கோட்டுக்கு மேல கைக்கொரு யானை. ஜாக்கெட் முதுகுல பல்லக்கு. பல்லக்குல பொண்ணும் மாப்பிள்ளையும். வெறும் கோட்டப் போட்டு அனுப்ப நான் என்ன சர்வேயரா?

பெறகு அளவு ஜாக்கெட் கேட்டேன். நல்லாப் பத்துற பழைய ஜாக்கெட் ஒண்ணக் குடுத்தாத்தான டெய்லர் அத வச்சுக் கோடு போடுவாரு? 'நாளைக்குத் தர்றேன் அத்தே, நாளைக்குத் தர்றேன் அத்தே'ன்னு பத்து நாளு போயிருச்சு. திடீர்னு ஒரு நாள் அவளே வீடு தேடி வந்து, பேப்பர்ல சுத்தின பொட்டலத்த எங்கையில திணிச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா. ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. கல்யாண வீடுன்னா சும்மாவா, ஆயிரம் சோலி இருக்கும்.

டெய்லர் பரமசிவம் அத விரிச்சுப் பாத்துட்டு, 'யக்கா, கல்யாணப் பொண்ணுக்கா இது?'ன்னாரு. ஆமான்னேன். 'கொஞ்சம் சதைப்பிடிப்போ?'ன்னாரு. 'கல்யாணம் கூடி வந்தா பிள்ளை பூரிக்கத்தான் செய்யும், நீங்க கோடு போடுங்க'ன்னேன். மனுசன் ரெண்டு தடவ அளந்து, ரெண்டு தடவயும் என் மொகத்தப் பாத்துட்டுத்தான் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குடுத்தாரு.

இவ்வளவு பெரிய வேலைக்குச் சட்டம் பெருசா வேணும்ல. எங்க வீட்டுக்காரர் கட்டில்ல நாடாவ உருவிட்டு, கட்டில் சட்டத்துலயே துணிய இழுத்துக் கட்டிட்டேன். நாப்பது நாள் அவுக தரையில படுத்தாக. 'தரையில படுத்தா முதுகுக்கு நல்லதாம், டாக்டர் சொல்றாரு'ன்னேன். 'எந்த டாக்டர்?'னு கேட்டாக. ஊசி கையில இருக்கும்போது நான் பேச மாட்டேன்.

மாப்பிள்ளை மொகத்துலதான் கொஞ்சம் சிக்கல். போட்டோவ முன்னால வச்சுக்கிட்டுத்தான் தச்சேன். மூக்கு வரைக்கும் அச்சு அசலா வந்துச்சு. மீசைக்குப் பொடிக் கறுப்புப் பாசி வேணும், தீந்து போச்சு. பெரிய பாசியத்தான் வச்சேன், மீசை நல்லா முறுக்கா வந்துருச்சு. மீசையிலயே பெரிய பாசியும் தீந்துருச்சு, தலைக்குப் பத்தல. சரி, நெத்திய ஏத்திவிட்டுட்டேன். முடிச்சு நிமுந்து பாத்தா மாப்பிள்ளைக்குப் பதிலா எந்தம்பி உக்காந்திருக்கான். முன்வழுக்கையும் மீசையுமா தங்கமாரியப்பனேதான். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, 'இவன் எதுக்கு மக பல்லக்குல ஏறியிருக்கான்?'னு கேட்டாக. தள்ளி நின்னு பாருங்க, மாப்பிள்ளை தெரிவாருன்னேன். வாசல் வரைக்கும் போய் நின்னு பாத்தாக. தெருவுக்கும் போய் நின்னு பாத்தாக. அப்படியே கடைக்குப் போயிட்டாக.

ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறியாம்மான்னு கௌசிகாகிட்டக் கேட்டேன். 'வேண்டாம் அத்தே, கண்ணு பட்டுரும், நேரா அன்னைக்கே போட்டுக்கிறேன்'னுட்டா. எங்கை மேல அப்படி ஒரு நம்பிக்கை.

கல்யாணம் ராஜபாளையத்துல. காலையில ஒம்பது பத்தரை முகூர்த்தம். ஏழரைக்கெல்லாம் பொண்ணு ரூமுக்குத் தாம்பாளத்துல ஜாக்கெட்ட வச்சு, மேல பட்டுத் துணி போட்டுக் கொண்டு போனேன். கௌசிகா வாங்கினா. போட்டா. போட்டா என்ன, அவள மாதிரி இன்னொருத்தியும் உள்ள வந்து உக்காரலாம். ரெண்டு யானையும் எறங்கி முழங்கைக்கு வந்துருச்சு. முதுகுல பல்லக்கு மடங்கி எந்தம்பி தலைகீழாத் தொங்குறான்.

நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள அவ, 'ஐயோ அத்தே, அம்மாவோட அளவு ஜாக்கெட்ட மாத்திக் குடுத்துட்டேன் போலருக்கே, இப்ப என்ன செய்ய'ன்னு மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சுல சொல்லிட்டா. பதட்டத்துல சில பேருக்கு அப்படித்தான் வரும். கூடப் படிச்ச பிள்ளை ஒருத்தி பக்கத்துல இருந்தா. 'நல்லவேளை, எங்கிட்ட ஒண்ணு இருக்கு'ன்னு பையத் தொறந்தா பாரு, பச்சைக் கலர்ல ஜாக்கெட்டு, கழுத்தச் சுத்திச் சன்னமா ஒரே ஒரு கோடு. இஸ்திரி போட்டு ஹேங்கர்ல மாட்டி வச்சிருக்கா. கௌசிகா போட்டா, ஊத்தி வச்ச மாதிரி இருந்துச்சு. அந்த ஆண்டவனாப் பாத்து அனுப்பின சிநேகிதி. ஆனா அந்தப் பிள்ளை உடம்பு கௌசிகா மாதிரி ரெண்டு பங்கு. அந்த ஜாக்கெட் அவளுக்கு எப்படிப் பத்தும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

தாம்பாளத்த எடுத்துக்கிட்டு மூலையில போய் உக்காந்துட்டேன். நல்ல காரியம் நடக்குற எடத்துல அழக்கூடாதுன்னு பல்லக் கடிச்சுப் பாத்தேன், நிக்கல தாயி. நாப்பது நாளு. கண்ணு ரெண்டும் செவந்து, வெரல் நுனியெல்லாம் ஓட்டை. அதுக்காக அழல. மூணு மாசக் குழந்தையில நான் தச்ச சட்டைக்குள்ள காலு ரெண்டையும் உதைச்சுக்கிட்டுக் கிடந்த பிள்ளை, இன்னைக்கு யாரோ தச்சதுல போய் உக்காரப் போகுது. அத நெனச்சுத்தான் அழுதேன். சேலை முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு அழுதேன்.

கௌசிகா கண்ணாடியில என்னையப் பாத்துட்டா. மை வச்சுக்கிட்டிருந்த பார்லர்ப் பிள்ளை கையத் தள்ளிவிட்டா. எந்திரிச்சு நேரா அவங்கம்மாகிட்டப் போய், 'அம்மா, அந்த ஜாக்கெட்ட நீ போடு'ன்னா.

முருகலட்சுமி, 'நானா? இந்தக் கொலு பொம்மையவா?'ன்னா.

'உன் அளவுதான. போடு.'

'ஏய், சபையில சிரிப்பாங்கடி.'

'நீ போட்டுட்டு வந்தாத்தான் நான் மணவறைக்கு வருவேன். இல்லன்னா மாப்பிள்ளைய தனியா உக்காந்துட்டுப் போகச் சொல்லு.'

வெளிய மேளம் கொட்டுறான். சம்பந்தியம்மா கதவத் தட்டுறாக. முருகலட்சுமி என்னையப் பாத்த பார்வையில பச்சை மரம் பட்டுப் போகும். ஆனா போட்டா. கிளிப்பச்சைச் சேலைக்கு அரக்கு ஜாக்கெட்டு. ரெண்டு தோள்லயும் யானை நிமுந்து நிக்குது, பல்லக்கு விரிஞ்சு உக்காந்துருச்சு, எந்தம்பி ராசா மாதிரி மீசைய முறுக்கிக்கிட்டு அவ முதுகுல போறான்.

மேடைக்கு ஏறினா பாரு, சபையே அவ முதுகத்தான் பாத்துச்சு. சின்னப் பிள்ளைக, 'ஏய், மாமா அத்தை முதுகுல இருக்காருடா'ன்னு கத்துதுக. சம்பந்தியம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கிட்ட வந்து பாத்துட்டு, 'எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தாரு. இப்படி ஒரு பிரியம் நமக்கு வரலையே சம்பந்தி'ன்னு கண்ணத் தொடச்சாக. வீடியோக்காரன், 'அம்மா, அப்படியே திரும்பி நில்லுங்க, அப்படியே'ன்னு நாலு தடவ எடுத்தான். ஆல்பத்துல முருகலட்சுமி மொகம் தெரியிற படம் ரெண்டே ரெண்டுதான்.

எந்தம்பி இருக்கானே, இருபத்தெட்டு வருசத்துல பொண்டாட்டி பக்கத்துல பஸ்ல கூட உக்காந்ததில்ல, ஆம்பளைங்க பக்கம் போயிருவான். அன்னைக்கு அவ போற பக்கமெல்லாம் பின்னாலயே போறான். காப்பி வேணுமாங்கிறான், மோர் வேணுமாங்கிறான். முதுகப் பாக்குறான், மீசையத் தடவிக்கிறான். முருகலட்சுமிக்கு மொகம் செவந்து போச்சு. கோவத்துலன்னுதான் மொதல்ல நெனச்சேன். தாலி கட்டி முடிச்சதும் வேற ஜாக்கெட் மாத்திக்கிறேன்னு சொன்னவ, மத்தியானம் வரைக்கும் மாத்தல.

இன்னொண்ணும் நடந்துச்சு. தாலி கட்டினதும் மொறைக்காகச் சம்பந்திக ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சாங்க. என் யானை எல்லாமே தும்பிக்கை தூக்கிக்கிட்டு நிக்கும்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணு போய்ச் சம்பந்தியம்மா சேலை ஜரிகையில மாட்டிக்கிருச்சு. இழுத்தா சேலை கிழியும், இல்ல தும்பிக்கை போகும். 'தும்பிக்கைய அறுத்துருங்க'ன்னு யாரோ சொன்னாங்க. கல்யாணத்துல யானை தும்பிக்கைய அறுக்குறதாவது! நான் போய் நடுவுல நின்னுட்டேன். ரெண்டு பேரும் தோளோட தோளா ஒட்டிக்கிட்டே ஆசீர்வாதம் பண்ணாங்க, ஒட்டிக்கிட்டே பந்தியில உக்காந்து ஒருத்தருக்கு ஒருத்தர் எடக்கையால அப்பளம் எடுத்து வச்சுச் சாப்பிட்டாங்க. பாயசத்துக்கு அப்புறந்தான் பார்லர்ப் பிள்ளை வந்து பக்குவமா எடுத்துவிட்டா. நிச்சயத்துக்கு வந்த தட்டுல ஒண்ணு கொறஞ்சு போச்சுன்னு மூணு மாசமா மொகம் குடுத்துப் பேசாத சம்பந்திக, இப்ப தினமும் போன்ல ஒரு மணி நேரம். எல்லாம் யானை செஞ்ச புண்ணியம்.

எல்லாரும் எங்கைவேலையத்தான் பேசுனாங்க. இருந்தாலும் நான் ஆசைப்பட்டது அது இல்லையே. மணவறையில அந்தப் பச்சை ஜாக்கெட்டத்தான் பாத்தேன். நல்லாத்தான் இருந்தா. நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேன். மனசு மட்டும் கேக்கல.

மூணாம் நாள் கௌசிகா மறுவீட்டுக்கு வந்திருந்தா. சாப்பாடு முடிஞ்சு நான் பின்கட்டுல கை கழுவிக்கிட்டிருக்கேன், வந்து கையப் புடிச்சுக்கிட்டா. 'அத்தே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்குச் சோறு எறங்கல. அளவு ஜாக்கெட் மாறிப் போகல. நான் வேணும்னேதான் அம்மாவோடதக் குடுத்தேன்.'

'வேணும்னேவா?'

'வேணும்னேதான் அத்தே. எனக்கு அத...' அதுக்குள்ள தேம்பித் தேம்பி அழுகுறா.

எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு தாயி. என்ன பிள்ளை பாரு! பெத்தவளுக்கு இப்படி ஒண்ணப் போட்டுப் பாக்கணும்னு ஆசை இருந்திருக்கு. முருகலட்சுமி வீம்புக்காரி, வாய் விட்டு எங்கிட்டக் கேப்பாளா? அதான் இந்தப் பிள்ளை, தன்னோட முகூர்த்த ஜாக்கெட்டையே அம்மாவுக்கு விட்டுக் குடுத்திருக்கு. கட்டிக்கப் போற சேலையோட துணி, நாப்பது நாள் வேலை, எல்லாத்தையும் விட்டுக் குடுத்துட்டு, யாரோ சிநேகிதியோட ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு மணவறையில உக்காந்திருக்கு. எந்த ஊர்ல உண்டு இந்த மாதிரி மனசு?

'அட பைத்தியமே, இத எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டாத் தச்சிருப்பேனே'ன்னேன்.

'இல்ல அத்தே, நீங்க புரிஞ்சுக்கல'ன்னா.

'எல்லாம் புரிஞ்சிருச்சு'ன்னேன்.

'ஐயோ இல்ல அத்தே, நான் சொல்றது'ன்னு ஆரம்பிச்சா. ஒரு கையால அவ வாயப் பொத்திட்டேன். 'செஞ்ச நல்லதத் தன் வாயால சொல்லக்கூடாது'ன்னேன்.

அழுதுகிட்டே இருந்தவ சிரிக்க ஆரம்பிச்சிட்டா. சிரிச்சுச் சிரிச்சு, 'அத்தே, உங்கள ஒண்ணும் பண்ண முடியாது அத்தே'ன்னு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் விடல. காய்ச்சல் வந்தா சின்னப் பிள்ளையில இப்படித்தான் ஒட்டிக்கிட்டுக் கிடப்பா. எனக்கும் பொலபொலன்னு வந்துருச்சு. தலைதீபாவளிக்கு உனக்கு உன் அளவுல ஒண்ணு தச்சுக் குடுத்துர்றேன்டி, இதவிடப் பெருசான்னேன். 'அளவு ஜாக்கெட் மட்டும் சரியா எடுத்துக் குடு.'

சட்டுனு கைய எடுத்துட்டா. 'அளவு ஜாக்கெட்டா? எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருச்சே அத்தே, இங்க ஒண்ணு கூட இல்லையே'ங்கிறா.

இல்லாட்டி என்ன? அவ கட்டிப் புடிச்சிருந்தப்பவே முதுகுல ஜாண் வச்சு அளவு எடுத்துட்டேன். தோளுக்குத் தோள் ரெண்டு ஜாணுக்கு நாலு வெரக்கடை கம்மி. உன் மடியில இருக்குற யானை அந்த அளவுக்குத் தச்சதுதான். இந்தத் தடவ பிசகாது.